ஏலகிரி ஏற எத்தனை பல்?

திருப்பத்தூர்ப் பக்கம் வளரும் பிள்ளைக்கு சைக்கிள் வாங்குவது, தஞ்சாவூரில் வாங்குவது போன்றதில்லை. இங்கே ஒரு பக்கம் ஏலகிரி, மறுபக்கம் ஜவ்வாது மலை, வடக்கே பாலாறு, அதன் கரையோரம் வாணியம்பாடியும் ஆம்பூரும். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கும் டியூஷனுக்கும் மளிகைக் கடைக்கும் ஓடும் அதே சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை ஜலகாம்பாறை அருவிக்குப் போகும். கால் பழகியதும் பொன்னேரியில் திரும்பி ஏலகிரி ஏறப் பார்க்கும். ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகத்தை எட்டிப் பார்க்கவும் ஆசைப்படும். பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்த ஆசை வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது தடித்த ஸ்பிரிங். முன்னால் ஒரு ஷாக், பின்னால் ஒரு ஷாக், பளபளக்கும் பெயிண்ட். மலைக்கு இதுதான் சரி என்று பிள்ளை நம்புகிறது, பெற்றோரும் நம்புகிறார்கள். வீட்டில் ஒதுக்கிய தொகை கைக்கு அடக்கமானதாக இருந்தால் அந்த ஸ்பிரிங்தான் கடைசியாகச் செலவழிக்க வேண்டிய இடம் என்பது என் வாதம். அளவு, செயின் ஓடும் சக்கரத்தின் பல், பிரேக், டயர் இந்த நான்கும் சரியாக அமைந்த பிறகு காசு மிஞ்சினால் ஷாக் பற்றிப் பேசலாம்.

மலைச் சைக்கிளின் வரலாறே இதற்கு முதல் சாட்சி. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுண்டியிலுள்ள டமால்பயஸ் மலைச் சரிவுகளில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண் பாதைகளில் ஓட்டத் தொடங்கினார்கள். அவர்கள் விரும்பித் தேடியது 1930களின் ஷ்வின் சைக்கிள்களை. காரணம், 1933இல் ஷ்வின் நிறுவனம் அறிமுகப்படுத்திய இரண்டு அங்குலத்துக்கும் கூடுதலான அகலமுள்ள பலூன் டயர்கள். அந்தச் சைக்கிள்கள் செய்தித்தாள் போடும் பையன்களின் முரட்டுக் கைகளைத் தாங்குபவை என்று பெயரெடுத்தவை. 1977இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்தது. இந்த இரண்டிலும் ஷாக் கிடையாது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஷாக் ஃபோர்க் சந்தைக்கு வந்தது 1989இல். அதாவது மலைச் சைக்கிள் என்ற பொருள் பிறந்து, வளர்ந்து, உலகம் முழுவதும் பரவிய அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் மனிதர்கள் அகல டயரையும் நல்ல பிரேக்கையும் சிறிய பல்லையும் நம்பித்தான் மலையில் ஏறி இறங்கினார்கள்.

பிறகு வந்த ஷாக் பயனற்றதா என்றால், நிச்சயமாக இல்லை. நல்ல ஷாக் பாறைத் தடத்தில் சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைத்திருக்கும். கை வலியைக் குறைக்கும். ஆனால் நல்ல ஷாக்குக்கு உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய ஆற்றலை அது வைத்திருக்காது, உடனே திருப்பித் தள்ளும். அந்தத் திருப்பித் தள்ளலை அடக்க, சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் நுழைந்து போகும் ஓர் அமைப்பு இருக்க வேண்டும். ஆற்றலை எண்ணெய் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். மலிவான ஃபோர்க்குகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையைச் செய்ய எதுவுமில்லை. வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி எழும்போது அது குதிரைபோல எகிறும். இன்னொன்று, அந்த ஸ்பிரிங் பொதுவாகப் பெரியவர் எடைக்குப் பொருத்தியது. 45, 50 கிலோ பிள்ளை ஏறி உட்கார்ந்தால் அது அசைவதே அபூர்வம். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஃபோர்க்கின் வழுவழுப்பான குழாயில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, கீழே வரை தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையை மெதுவாக ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். குழாயின் மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காவது ரப்பர் பேண்டு நகர்ந்திருக்க வேண்டும். அது இருந்த இடத்திலேயே இருந்தால், அந்த ஸ்பிரிங் உங்கள் பிள்ளைக்கு ஓர் இரும்புச் சுமை, அவ்வளவுதான். அடுத்து முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். புதுச் சைக்கிளிலேயே கடகடவென்று ஆட்டம் தெரிந்தால், மண்ணும் மழையும் பட்ட ஆறு மாதத்தில் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பின்ஷாக் வைத்த மலிவு சைக்கிளில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. மிதிக்கும் உழைப்பில் ஒரு பங்கை பின்ஸ்பிரிங் அமுங்கி எழுவதிலேயே தின்றுவிடும்.

அப்படியானால் அதிர்வைத் தாங்குவது எது? டயருக்குள் இருக்கும் காற்று. காற்று டயரை 1845இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை செய்திருந்தாலும், அது உலகத்துக்கு வந்து சேர்ந்தது 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் வழியாக. கல் பாவிய தெருவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிய தன் சிறு மகனின் உடம்பு குலுங்குவதைத் தடுக்கத்தான் அவர் அதைச் செய்தார். ஒரு பிள்ளையின் சொகுசுக்காகப் பிறந்த கண்டுபிடிப்பு, இன்றும் பிள்ளைகளின் சைக்கிளில் அதிர்வைத் தாங்கும் முதல் உறுப்பாக இருக்கிறது. இதன் இயக்கம் எளிது. கடினமான சக்கரம் ஒரு ஜல்லிக் கல்லின் மேல் ஏறினால், சைக்கிளும் ஆளும் சேர்ந்து அந்தக் கல் உயரத்துக்குத் தூக்கப்பட்டு மறுபடி விழ வேண்டும். காற்று டயரோ கல் பட்ட இடத்தில் மட்டும் உள்வாங்கிக் கல்லை விழுங்கிவிடுகிறது. மேலே உள்ள சைக்கிளும் ஆளும் பெரிதாக அசைவதில்லை. டயர் அகலமாக இருந்தால் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம். ரிம் தரையில் இடிக்காது. இரண்டு அங்குலத்தை ஒட்டிய அகலத்தில், 50 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 30 பி.எஸ்.ஐ. அளவு காற்றே போதும். பஞ்சர் கடையில் கம்ப்ரஸரை வைத்துக் கல்லுபோல் அடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படி அடித்த சைக்கிளில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஷாக் இருந்தும் கை வலிக்கும். காற்றைச் சற்று இறக்கினால் செலவில்லாமல் வலி போகும்.

அகல டயர் தார் ரோட்டில் இழுக்காதா என்று கேட்பது நியாயம். இழுப்பது அகலத்தைவிட டயரின் மேல் துருத்தி நிற்கும் பொத்தான்கள். உழவு டிராக்டர் டயர்போல இடைவெளி விட்டுப் பெரிய பொத்தான்கள் நிற்கும் டயர் தாரில் இரைந்துகொண்டே ஓடும். ஒவ்வொரு பொத்தானும் வளைந்து நிமிர்வதில் ஆற்றல் வீணாகும். நடுவில் தொடர்ச்சியான வரியும் ஓரங்களில் மட்டும் பொத்தானும் உள்ள டயர் பள்ளி வழிக்கும் மலைமண் பாதைக்கும் நடுவில் நல்ல சமரசம். இந்த மாவட்டத்தில் டயருக்கு இன்னொரு எதிரி உண்டு, சீமைக் கருவேல முள். அதற்கு எந்த அகலமும் பதிலாகாது. ஒரு மாற்று டியூப், இரண்டு பிளாஸ்டிக் டயர் லீவர், கைப்பம்பு இவற்றைப் பிள்ளையின் பையில் போட்டு, பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்துவிடுவதே வழி. டியூபின் மூக்கையும் பாருங்கள். வால்டியூப் போட்ட பழைய வகையைவிட, மோட்டார் சைக்கிளில் இருக்கும் வகை மூக்கு நல்லது. பெட்ரோல் பங்கில்கூடக் காற்று பிடித்துக்கொள்ளலாம்.

இனி பல்லுக்கு வருவோம். ஏலகிரிக்கு ஏறும் சாலையில் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு சரிவு என்பது வளைவுக்கு வளைவு மாறும். கணக்குக்காக 100 மீட்டர் ஓடினால் 6 மீட்டர் உயரும் சாலை, மொத்தம் 500 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 50 கிலோ, சைக்கிள் 15 கிலோ. சாதாரண ஒற்றைப் பல் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்று சுற்றும். சைக்கிள் 5 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நகரும். அந்த ஒரு சுற்றில் 65 கிலோவும் 31 சென்டிமீட்டர் மேலே தூக்கப்படுகிறது. அதற்குத் தேவை 196 ஜூல். பழக்கமில்லாத பிள்ளையின் கால் தொடர்ந்து 80 வாட் தரும் என்று கொண்டால், நிமிடத்துக்கு 24 சுற்றுக்கு மேல் சுற்ற முடியாது. காலில் விழும் விசை சுற்று முழுக்கச் சராசரி 19 கிலோ எடைக்குச் சமம். பெடல் கீழே இறங்கும் உச்சத்தில் அதைப்போல் இரு மடங்கு வரை போகும். சீட்டைவிட்டு எழுந்து, முழு உடம்பையும் ஒவ்வொரு பெடல்மேலும் போட்டு ஏறுவதை நாம் பார்க்கிறோமே, அது இந்த எண்ணின் தோற்றம். முழங்கால் எத்தனை வளைவு தாங்கும்?

அதே பிள்ளை, அதே சாலை, அதே 80 வாட். முன்னே 28 பல், பின்னே 28 பல் என்று மாற்றிப் பாருங்கள். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. நகர்வது 2.1 மீட்டர், ஏற்றம் 12 சென்டிமீட்டர் சொச்சம், ஆற்றல் ஏறக்குறைய 80 ஜூல். நிமிடத்துக்கு 60 சுற்று. மூச்சும் காலும் ஒரே தாளத்தில் போகும் வேகம் அது. காலில் சராசரி விசை 8 கிலோவுக்கும் கீழ். சைக்கிள் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில், உட்கார்ந்தபடியே, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் மேலே போய்ச் சேரும். மொத்த உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான்; ஒரு ஜூல்கூட மிச்சமாகவில்லை. மூட்டையை ஒரே தூக்கில் மாடிக்கு ஏற்றுவதற்கும் படிப்படியாக வைத்து ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. மலைக்குச் சைக்கிள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: முன்னே உள்ள மிகச் சிறிய சக்கரத்தின் பல், பின்னே உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பல்லைவிடக் கூடாமல் இருக்கிறதா? குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. கடையில் விரலை வைத்து எண்ணிவிடலாம்.

கடைக்காரர் சொல்லும் “21 கியர்” என்ற எண்ணை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னே 42, 34, 24 என்று மூன்று சக்கரம், பின்னே 14 முதல் 28 பல் வரை ஏழு சக்கரம் என்று கொள்வோம். முன்னே 42, பின்னே 20 போட்டால் விகிதம் 2.1. முன்னே 34, பின்னே 16 போட்டாலும் ஏறத்தாழ அதுவேதான். முன்னே 34, பின்னே 20 என்றால் 1.7, முன்னே 24, பின்னே 14 என்றாலும் 1.7. பெயருக்கு வேறு கியர்கள், காலுக்கு ஒன்றே. செயின் மிகவும் கோணலாகப் போவதால் போடக்கூடாத சேர்க்கைகளையும் கழித்தால், உண்மையில் தனித்து நிற்பவை பத்துப் பன்னிரண்டுதான். முன்னே ஒரே சக்கரம் 32, பின்னே 11 முதல் 46 வரை ஒன்பது சக்கரம் என்ற அமைப்பு எண்ணிக்கையில் சிறியது. ஆனால் அதன் மிக இலகுவான பல் 0.70, மிகக் கனமான பல் 2.9. முந்தைய 21 கியரின் எல்லையைவிட இது அகலம். மாற்றும் லீவர் ஒன்று குறைகிறது, கோளாறாகும் உறுப்பும் குறைகிறது. ஆனால் விலை கூடும், உதிரிப்பாகம் உள்ளூரில் எளிதில் கிடைக்காமலும் போகலாம். ஆகவே நல்ல மூன்று-ஏழு அமைப்பை நான் குறைசொல்ல மாட்டேன். எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது என்பதே என் கவலை.

எடை பற்றி ஒரு வார்த்தை. ஷாக் ஃபோர்க் கனம் என்பதால் வேண்டாம் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தை நான் பயன்படுத்த மாட்டேன், ஏனென்றால் கணக்கு அதற்கு உதவவில்லை. ஒன்றரை கிலோ கூடுதல் என்றாலும் மொத்த 65 கிலோவில் அது 2 சதவீதம் சொச்சம். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடத் தாமதம். ஷாக்கைத் தள்ளிவைக்கச் சொல்வது அதன் கனத்துக்காக இல்லை. அது தின்னும் பணம் பிரேக்கிலும் பல்லிலும் போயிருக்க வேண்டிய பணம்.

பிரேக்கை நான் பல்லுக்கு இணையாக வைக்கக் காரணம் உண்டு. ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது திரும்ப வருகிறது. 65 கிலோ, 500 மீட்டர் என்றால் 3 லட்சத்து 18 ஆயிரம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியைச் சின்னப் பிரேக் கட்டைகளும் அவை உரசும் ரிம்மோ டிஸ்க்கோ விழுங்கியாக வேண்டும். டமால்பயஸ் மலைப்பக்கத்தில் 1976இல் நடந்த முதல் இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்ததே இந்த வெப்பத்தால்தான். பழைய சைக்கிள்களின் பின் ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடாகி, கிரீஸ் புகைந்து வெளியேறிவிடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒயர் இழுக்கும் டிஸ்க் பிரேக்கா, ரிம்மைக் கவ்வும் வி-பிரேக்கா என்ற கேள்விக்கு என் விடை ஊரைப் பொறுத்தது. மழையில், சேற்றில் டிஸ்க் மேல். ரிம் நனைந்தால் கவ்வச் சற்று நேரமாகும். ஆனால் டிஸ்க்கை உரசாமல் சரியாக நிறுத்தத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால், நன்றாகக் கட்டிய வி-பிரேக் ஒரு மோசமான டிஸ்க்கைவிட நம்பகமானது. இரண்டில் எதுவானாலும் லீவர் பிள்ளையின் விரலுக்கு எட்ட வேண்டும். லீவருக்கு அடியில் உள்ள சின்ன ஸ்குரூவைத் திருகினால் அது கைப்பிடிக்கு அருகே வரும். ஒரு நிமிட வேலை. பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை. ஒரு விரல், இரண்டு விரலால் பிடித்து நிறுத்த முடிகிறதா என்று கடை வாசலிலேயே பாருங்கள். இறக்கத்தில் முன்சக்கரத்தின் மேல் எடை கூடுவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதைத் தொடவே கூடாது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவது தவறு. நேராக ஓடும்போது மெல்லப் பிடித்து, வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் இறக்கம் கூடாது என்பதில் எந்தச் சமரசமும் இல்லை.

அளவைப் பற்றி ஆம்பூர்க் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லாஸ்ட் என்ற கால் அச்சின்மேல் தோலை இழுத்துப் பொருத்தித்தான் ஷூ உருவாகிறது. அச்சு கொஞ்சம் மாறினால் எவ்வளவு உயர்ந்த தோலும் காலைக் கடிக்கும் என்பது ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். சைக்கிளுக்கு வரும்போது மட்டும் “வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே வாங்கிடலாம்” என்கிறோம். அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது. இந்த வயதில் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டில் 8, 9 சென்டிமீட்டர் உயரம்கூட ஏறும். ஆண்டுக்கொரு சைக்கிள் யாராலும் வாங்க முடியாது. ஆனால் சைக்கிளில் எது நீளும், எது நீளாது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். சீட்டை உயர்த்தலாம். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை நீளமானதாக மாற்றலாம். ஃபிரேமின் மேல்பாரைத் தாழ்த்த முடியாது. பிள்ளை இரண்டு காலையும் தரையில் ஊன்றி மேல்பாருக்கு மேல் நின்றால் இரண்டு அங்குல இடைவெளியாவது இருக்க வேண்டும். மலைப் பாதையில் திடீரென்று கால் ஊன்றும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். மேல்பார் பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபிரேமாக, சீட் குழாய் நீளமாக இருந்தால், சின்ன ஃபிரேமே இரண்டு, மூன்று ஆண்டு ஈடுகொடுக்கும். பெரிய ஃபிரேம் முதல் நாளே ஆபத்து. பெண் பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான். “லேடீஸ் மாடல்” என்ற ஒட்டுச்சீட்டைப் பார்க்காமல் பாரின் உயரத்தையும் லீவரின் தூரத்தையும் பாருங்கள்.

பள்ளியில் இலவச சைக்கிள் கிடைக்கப்போகிறதே, பிறகு எதற்குச் செலவு என்ற கேள்வியைத் தள்ள முடியாது. 2001–02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி 2005–06இல் விரிவாக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசின் திட்டம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பள்ளி வழியை எளிதாக்கியிருக்கிறது. பீகாரில் 2006இல் தொடங்கிய இதேபோன்ற திட்டத்தை கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் செய்த வேலை அது. சமவெளிக் கிராமத்திலிருந்து பள்ளிக்குப் போய்வருவதுதான் தேவை என்றால், அந்த சைக்கிளே போதும். அதைச் சுத்தமாக வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டுவதில் குறை எதுவுமில்லை. மலையடிவாரத்தில் வீடு, அல்லது மலை ஏற ஆசை என்ற இரண்டு நிலையில்தான் இந்தக் கட்டுரையின் கணக்கு தொடங்குகிறது.

இன்னும் கனமான மறுப்பு பிள்ளையிடமிருந்தே வரும். கூடப் படிப்பவர்களிடம் ஷாக் வைத்த சைக்கிள் இருக்கும்போது தனக்கு மட்டும் மொட்டை ஃபோர்க்கா என்று அது வருந்தும். இந்த வருத்தத்தை அற்பமாக எண்ணக் கூடாது. பிடிக்காத சைக்கிள் மூலையில் சாய்ந்து கிடக்கும். ஓடாத சைக்கிளில் எத்தனை நல்ல பல் இருந்து என்ன பயன்? ரப்பர் பேண்டு சோதனையைப் பிள்ளையே செய்து பார்க்கட்டும். முன்னே பின்னே உள்ள பல்லை அதுவே எண்ணட்டும். இரண்டு சைக்கிளையும் ஏதாவது ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கட்டும். கால் சொல்வதைக் கண் மறுக்க முடியாது. அதன் பிறகும் ஆசை தீரவில்லையென்றால், அளவும் பிரேக்கும் பல்லும் தேறிய சைக்கிளில், ஏற்றத்தின்போது பூட்டி வைக்கக்கூடிய முன்ஷாக் மட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். பின்ஷாக்குக்கு மட்டும் இணங்க வேண்டாம். அது இருந்தால் கேரியர் சரியாகப் பொருத்த முடியாது; புத்தகப் பை முதுகிலேயே தொங்கும், வேலூர்ப் பக்கத்து வெயிலில் சட்டை நனைந்து ஒட்டும்.

கேரியருக்கும் மட்கார்டுக்கும் திருகு ஓட்டை ஃபிரேமில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு கடை வேலை முடியும். வீட்டுக்கு வந்ததும் சீட்டை, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும் உயரத்தில் நிறுத்தி, சீட் குழாயில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைச் சரிபார்த்துப் புதுக் கோடு போடுங்கள். அந்தக் குழாயிலேயே கம்பெனி பொறித்த வேறொரு கோடு உண்டு. அதற்கு மேல் வெளியே இழுத்தால் ஃபிரேம் உடையும் என்பதற்கான எல்லைக் கோடு. அது வெளியே எட்டிப் பார்க்கும் நாளில் சீட்டை மறுபடி அடிவரை இறக்கி, சைக்கிளைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடலாம்.